கன்று வாங்கும்போது வேரைப் பாருங்கள்

கொய்யாக் கன்று நட்டு இரண்டு ஆண்டு ஆயிற்று. மரம் நன்றாக வளர்ந்தது. காய்க்கும் நேரத்தில் இலை மஞ்சளானது. பழம் சிறுத்தது. தண்ணீர் போதவில்லை என்று விவசாயி மேலும் தண்ணீர் விட்டார். உரம் போட்டார். பலன் இல்லை. மரம் காய்ந்தது.

நோய் எங்கே இருக்கிறது? வேரில் இருக்கிறது.

தோண்டிப் பார்த்தால் வேர் எங்கும் முடிச்சுகள் தெரியும். முடிச்சுக்குள் இருப்பது நூற்புழு. இதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது. வேரின் சாற்றை உறிஞ்சி வாழும். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை இடும். சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். புழு தாக்கிய வேரில் வாடல் நோயும் எளிதில் நுழையும்.

கொய்யாவைத் தாக்கும் கொடிய நூற்புழு வகை ஒன்று தமிழ்நாட்டில் இருப்பதை 2016இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். இந்தப் புழு தானாக வெகுதூரம் போகாது. கன்றோடும், பையில் உள்ள மண்ணோடும் லாரியில் ஏறி ஊர்விட்டு ஊர் போகிறது.

பெங்களூரு அருகே எசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இது 1967இல் தொடங்கப்பட்டது. இந்நிலையம் சொல்லும் வழி இது:

ஒரு டன் மட்கிய தொழு உரம் எடுக்க வேண்டும். அதில் பர்புரியோசிலியம், டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் ஆகிய மூன்றையும் தலா 2 கிலோ கலக்க வேண்டும். முதல் இரண்டும் நன்மை செய்யும் பூஞ்சாணங்கள். மூன்றாவது நன்மை செய்யும் பாக்டீரியா. பர்புரியோசிலியம் நூற்புழுவின் முட்டையை அழிக்கும். கலந்த உரத்தை நிழலில், ஈரம் காயாமல் 15 நாள் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிறகு மரத்தின் வேர்ப் பகுதியில் இட வேண்டும்.

ஆனால் நிலத்தில் புகுந்த நூற்புழுவை முழுவதும் ஒழிப்பது மிகக் கடினம். வருமுன் காப்பதே நல்லது.

செய்ய வேண்டியவை:

1. கன்று வாங்கும் இடத்தில் இரண்டு, மூன்று பைகளைக் கிழியுங்கள். வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அங்கே ஒரு கன்றும் வாங்காதீர்கள். பையைக் கிழிக்க மறுத்தால், அந்தக் கன்றுகளுக்கு விலை கொடுத்துவிடுங்கள். சிறு பணம் போனாலும் தோட்டம் தப்பும்.

2. கொய்யாவுக்கு நடுவே தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம். அவற்றிலும் நூற்புழு பெருகும். செண்டுமல்லி நடலாம். அது நூற்புழுவைக் குறைக்கும்.

3. நோய் கண்ட தோட்டத்தில் பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாமல் வேறு தோட்டத்தில் இறக்காதீர்கள்.

விடை சொல்லுங்கள்:

நூற்புழு ஊர்விட்டு ஊர் எப்படிப் போகிறது?
கன்று வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?