சமமில்லா உடன்படிக்கைகள்

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தன் வாயில்களைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருந்த நாடு ஜப்பான். மேனாட்டாருள் டச்சு வணிகர் மட்டும் நாகசாகியில் ஒரு சிறு தீவில் தங்கி வாணிகம் புரிய இசைவு பெற்றிருந்தனர். 1853-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் எடோ விரிகுடாவில் தோன்றினார். அவருடைய பீரங்கிகளை எதிர்க்கும் வலிமை ஜப்பானுக்கு இல்லை. மறு ஆண்டே இரண்டு துறைமுகங்கள் திறந்துவிடப்பட்டன.

1858-இல் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஐந்து நாடுகளோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் இன்னும் கடுமையானவை. ஜப்பானிய மண்ணில் குற்றம் புரிந்த அந்நாட்டாரை அவரவர் நாட்டு வாணிகத் தூதரே விசாரிப்பார். இறக்குமதிப் பொருள்களுக்குத் தன் விருப்பப்படி வரி விதிக்கும் உரிமையையும் ஜப்பான் இழந்தது.

1868-இல் அமைந்த புதிய அரசு இக்கட்டுகளை அறுக்க விழைந்தது. 1871-இன் இறுதியில் இவாகுரா தலைமையில் ஒரு தூதுக்குழு அமெரிக்காவிற்குப் புறப்பட்டது. வாஷிங்டனில் பேச்சுத் தொடங்கியதும், உடன்படிக்கை செய்ய அரசர் அளித்த அதிகாரப் பத்திரம் அவர்களிடம் இல்லை என்பது வெளிப்பட்டது. அதனைப் பெறுவதற்கென்றே ஓகுபோ, இட்டோ என்னும் இருவர் கடல் கடந்து தாயகம் சென்று மீண்டனர். எனினும் பேச்சு நிறைவேறவில்லை. பின்னர்க் குழுவினர் ஐரோப்பாவிற்கும் சென்று, ஆலைகளையும் பள்ளிகளையும் கண்டு, கண்டவற்றைக் குறித்துக்கொண்டு திரும்பினர். 1883-இல் தோக்கியோவில் ஓர் அழகிய மாளிகை எழுப்பி, அங்கே அந்நியத் தூதர்களுக்கு மேனாட்டு முறையில் நடன விருந்துகளும் அளித்துப் பார்த்தனர். நடனத்தால் உடன்படிக்கை மாறவில்லை.

1886-இல் நார்மன்டன் என்னும் பிரிட்டிஷ் கப்பல் மூழ்கியது. தலைவரும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினர். ஜப்பானியப் பயணிகள் இருபத்தைவரும் மாண்டனர். கோபேயிலிருந்த பிரிட்டிஷ் தூதரக விசாரணை மன்றம் தலைவர்மீது குற்றமில்லை என்றது. நாடே கொதித்தெழுந்தது. மறு விசாரணையில் கிடைத்த தண்டனையோ மூன்று திங்கள் சிறைதான். அந்நியர் மன்றம் என்பதன் பொருளை எளிய மக்களும் அன்று உணர்ந்தனர்.

புதிய சட்டங்களும் 1889-இல் வழங்கப்பட்ட அரசியலமைப்பும் ஜப்பானின் வழக்கிற்கு வலுவூட்டின. 1894-இல் அயல்நாட்டமைச்சர் முட்சுவின் முயற்சியால் பிரிட்டன் புதிய உடன்படிக்கைக்கு இசைந்தது. 1899-இல் தூதர் மன்றங்கள் மறைந்தன.

ஆயின், தன்னைப் பிணித்த அதே கயிற்றை ஜப்பான் அண்டை நாட்டின்மீது வீசியிருந்தது. 1876-இலேயே போர்க்கப்பல்களைக் காட்டிக் கொரியாவின் துறைமுகங்களைத் திறக்கச் செய்து, அங்குள்ள ஜப்பானியரைத் தன் தூதரே விசாரிக்கும் உரிமையையும் பெற்றது. 1910-இல் கொரியாவையே தன்னோடு இணைத்துக்கொண்டது. மறு ஆண்டு, 1911-இல், தன் சுங்க வரியைத் தானே வகுக்கும் உரிமை ஜப்பானுக்கு முழுமையாகக் கிட்டியது.