ஏரிக்கரைக்குக் காவலர் யார்?

"ஏரி நிறைந்தால் கரை கசியும்" என்பது நம் முன்னோர் மொழி. செல்வர் இல்லத்திலிருந்து சிறிதேனும் பிறர்க்குச் செல்லும் என்னும் கருத்தில் இதனை எடுத்தாள்வர். ஏரிநீரை நம்பிப் பயிர் செய்யும் நமக்கு இதன் நேர்ப்பொருளும் சிறந்ததொரு பாடமே. மண்ணாலாகிய கரை எதுவும் சிறிது கசியத்தான் செய்யும். எக்கசிவு இயல்பானது, எக்கசிவு அபாயத்தின் முன்னறிவிப்பு என்று பகுத்தறிவது எப்படி? கரையைக் காப்பதும், அக்கரையிலேயே ஊரார் உலாவி இன்புறுவதும் ஒருங்கே இயலுமா? இவ்விரு வினாக்களையும் இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

இப்பாடம் இன்று ஏன்?

சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்கா நதியும் திருமணிமுத்தாறும் சேலம், நாமக்கல் சமவெளிகளின் வழியே சென்று காவிரியோடு கலக்கின்றன. இவற்றின் நீரையும் ஓடைகளின் நீரையும் ஏற்கும் ஏரிகள் பல, சங்கிலிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. மேல் ஏரியின் மிகுநீரே கீழ் ஏரிக்கு வரத்தாகும். ஆகவே மேல் ஏரி உடைந்தால், அவ்வெள்ளம் முழுவதும் கீழ் ஏரியின் கரைமீது வந்து மோதும். ஓர் ஊரின் கவனக்குறைவு மற்றோர் ஊரின் துயரமாக முடியும்.

மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வேரிகளுட் பல நெடுங்காலம் வறண்டு கிடந்தன. மேட்டூர் அணையின் உபரிநீரைத் திப்பம்பட்டியிலிருந்து இறைத்துச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொணரும் திட்டம் வகுக்கப்பெற்று, அதன் முதற்கட்டம் 2021ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. வறண்ட ஏரியில் நீர் காண்பது மகிழ்ச்சியே. ஆனால் நெடுநாள் காய்ந்த கரையில் வெடிப்புகள் ஓடியிருக்கும். எலி வளை தோண்டியிருக்கும். சீமைக்கருவேலின் வேர் ஊடுருவியிருக்கும். பல்லாண்டுகளுக்குப் பின் ஏரி நிரம்பும் நாளே அக்கரைக்குச் சோதனை நாளாகும்.

"ஏரி உழவர்க்குரியது, தறிக்கும் அதற்கும் யாது தொடர்பு?" என்று நெசவாள அங்கத்தினர் வினவக்கூடும். குழித்தறியின் மிதிகள் வீட்டின் தரைக்குக் கீழே இருப்பவை. வீட்டினுள் கணுக்கால் அளவு வெள்ளம் புகுந்தாலும் குழி நிரம்பிவிடும். பாவும் விழுதும் நனைந்து கெடும், தறி நிற்கும், கூலியும் நிற்கும். உழவர்க்கு வயல் எப்படியோ, அப்படியே நெசவாளர்க்குத் தறிக்குழி. கரை இருவர்க்கும் பொதுவன்றோ?

ஏரியின் உறுப்புகள்

ஏரிக்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. முதலாவது கரை, அது நீரைத் தாங்குவது. இரண்டாவது மதகு, அது வேண்டிய நீரை வயலுக்கு விடுவது. மூன்றாவது கலிங்கு; இதனை நம் பகுதியில் கோடி என்றும் வழங்குவர். ஏரி நிரம்பியபின் வரும் மிகுநீரை வெளியேற்றுவது இதுவே. கலிங்கின் மட்டத்தைவிடக் கரையின் உச்சி பல அடி உயர்ந்திருக்கும். அவ்வுயரம் வீணான இடமன்று. பெருமழையின்போது ஏறும் நீருக்கும், காற்றால் எழும் அலைக்கும் ஒதுக்கப்பட்ட இடம் அது.

கரை உடைவதற்கான காரணங்கள்

முதற்காரணம், நீர் கரையின்மேல் வழிதல். கல்லணை மேல் நீர் வழிந்தால் கல் தாங்கும்; மண்கரை தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவை அடியிலிருந்து அறுத்துக்கொண்டே மேலேறும். சில நாழிகைக்குள் கரை வாய்பிளந்துவிடும். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள குடகனாற்று மண்ணணை 1977ஆம் ஆண்டில் இவ்வாறே உடைந்தது. வெள்ளம் பெருகிய வேளையில் மின்சாரம் நின்றமையால், நீர்போக்கிக் கதவுகளை முழுவதும் உயர்த்த இயலவில்லை. வழியற்ற நீர் கரைமேல் ஏறியது.

நம் ஏரிகளின் கலிங்குக்குக் கதவும் இல்லை, மின்சாரமும் வேண்டுவதில்லை. ஆயினும் அதே கேட்டை நாமே வருவித்துக்கொள்கிறோம். ஓரடி நீரைக் கூடுதலாகத் தேக்கும் ஆசையால் கலிங்கின்மேல் மணல் மூட்டைகளை அடுக்குவோர் உளர். மீன்பாசிக் குத்தகை எடுத்தோர், மீன் தப்பாதிருக்கக் கலிங்கின் குறுக்கே வலை கட்டுவதும் உண்டு. செத்தையும் ஆகாயத்தாமரையும் அவ்வலையில் அடைந்து அதுவே தடுப்பாகிவிடும். பழைய கலிங்குகள் சிலவற்றில் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்பதைக் கண்டிருப்போம். மழைக்காலம் முடியும் தறுவாயில், அக்கற்களிடையே மண்ணும் புல்லும் வைத்துச் சிறிது நீரை மிகுதியாகத் தேக்குவதும், வெள்ளக் காலத்தில் அதனை அகற்றுவதும் பழைய வழக்கம். தேக்குவதை நினைவில் வைத்த நாம் அகற்றுவதை மறந்துவிட்டோம்.

இரண்டாம் காரணம், கரையினூடே நீர் வழி தேடுதல். எலிவளை, கறையான் புற்று, மக்கிய வேர் விட்டுச்சென்ற துளை, மதகின் கட்டடமும் மண்ணும் சேரும் இடம் ஆகியவை அதற்கு வாயில்கள். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் பழம்பெருமை வாய்ந்த பாசனக் குளம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் அதன் கரை உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல தலைமுறை நின்ற கரை இனியும் நிற்கும் என்று வாளாவிருத்தல் தகாது.

மூன்றாம் காரணம், சரிவு பெயர்தல். கரையின் அடியில் வண்டல் வெட்டிக் குழி செய்தால் மேல்மண் சரியும். நிறைந்த ஏரியை மிக விரைவாக வடித்தாலும், ஈரம் சுமந்த உட்சரிவு தாங்குதலின்றிச் சரியக்கூடும்.

கசிவைக் கண்டால்

வெளிச்சரிவின் அடியில் தெளிந்த நீர் சிறிதளவு ஒரே சீராகக் கசிந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. அவ்விடத்தில் ஒரு முளையடித்து நாள்தோறும் கவனித்தல் வேண்டும். கசிவு பெருகினாலோ, கலங்கி வந்தாலோ நிலைமை வேறு. கலங்கல் என்பது கரையின் மண்ணே வெளியேறுகிறது என்பதற்குச் சான்று. அப்பொழுது களிமண்ணால் வெளிவாயை அடைத்தல் பெரும்பிழை. அடைபட்ட நீர் உள்ளேயே வேறு வழி தேடும். வாயின்மேல் முதலில் மணலும், அதன்மேல் சல்லியும், அதன்மேல் கல்லுமாகப் பரப்பினால் நீர் வெளியேறும், மண் தங்கும். சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்குவதும் நன்று. மதகைத் திறந்து நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். இவற்றைச் செய்யும்போதே அதிகாரிகளுக்கும், மாவட்ட அவசர உதவி எண் 1077க்கும், கீழ் ஏரி ஊராருக்கும் செய்தி அனுப்பிவிட வேண்டும்.

கரையில் உலாவலும் காவலும்

ஏரியைக் கண்டு களிக்கும் விருப்பம் குற்றமன்று. நாள்முழுதும் தறியில் குனிந்திருந்தவர்க்கு மாலைக் காற்று மருந்தாகும். சேலம் கன்னங்குறிச்சியை அடுத்த மூக்கனேரியில், 2010ஆம் ஆண்டில் நகரத்துக் குடிமக்கள் குழுவினர் முன்னின்று தூர் எடுத்தனர். எடுத்த வண்டலை ஏரியினுள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரங்களை நட்டனர்; அத்திட்டுகள் பறவைகளுக்கு உறைவிடமாயின. மரத்திற்கு ஏற்ற இடம் திட்டு, கரையின் உடலன்று. கரைக்கு உகந்தது அறுகம்புல்லே. முன்னரே கரையில் வேரூன்றிய பெருமரங்களை அவசரப்பட்டு வெட்டுதலும் ஆகாது; வேர் மக்கினால் துளை உண்டாகும். பொறியாளரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

உலாவுவோர்க்கு வேண்டிய விதிகள் சிலவே. கரையின் உச்சியில் நடைபாதை இருக்கலாம், பாரவண்டிகள் ஏறலாகாது. விளக்குக் கம்பத்திற்கோ குழாய்க்கோ கடைக்கோ கரையைத் தோண்டலாகாது. மதகின் அருகே எவரும் நீந்தலாகாது. தூம்பின் ஈர்ப்பு வல்லவரையும் இழுக்கும். கலிங்கின் பாசிபடிந்த தளத்தில் குழந்தைகளை விளையாட விடலாகாது. வண்டல் எடுத்த குழிகள் நீருக்குள் மறைந்திருக்கும். அவ்விடங்களில் கொடி நட்டு எச்சரித்தல் கடமை. படகு விடுவோர் மிதவைச் சட்டையின்றி எவரையும் ஏற்றலாகாது. கலிங்கு பாயும் நாளில் படகே கூடாது.

இவ்விதிகளைக் கைக்கொண்டால் உலாவுவோரே கரைக்குக் காவலராவர். நூறு பேர் நாள்தோறும் நடக்கும் கரையில் புதிய ஈரமும் புதிய வெடிப்பும் மறைந்திருக்க மாட்டா.

பொறுப்பு யாருடையது?

100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், சிறியவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்தவற்றுள் சிலவற்றையும் பற்றியது. நம் சிற்றேரிக் கரைகள் பெரும்பாலும் அவ்வளவு உயரமுடையவை அல்ல. ஆகவே சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் ஊராரின் கண் விழித்திருத்தல் வேண்டும். குடிமராமத்து என்று நம் முன்னோர் பேணியது இதனையே.

ஒவ்வொரு சங்கமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒருநாள், உழவரும் நெசவாளரும் கூடிக் கரையை முனைமுதல் முனைவரை நடந்து பார்க்கட்டும். வளைகளைக் குறிக்கட்டும், கலிங்கைத் துப்புரவாக்கட்டும், மதகின் திருகைத் திருப்பிப் பார்க்கட்டும். இதற்குச் செலவு சிறிது. இதனால் காக்கப்படுவதோ நம் வயலும் தறியும் உயிரும்.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்

1. உங்கள் ஏரியின் மிகுநீர் எவ்வேரிக்குச் செல்கிறது? அவ்வூரில் யாருக்குச் செய்தி அனுப்புவீர்கள்?

2. கலிங்கில் இப்பொழுது மூட்டையோ வலையோ உண்டா? அதனை அகற்றும் பொறுப்பை யார் ஏற்பார்?

3. தெளிந்த கசிவுக்கும் கலங்கிய கசிவுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் இல்லத்துச் சிறுவர்க்கு எவ்வாறு விளக்குவீர்கள்?