உள்ளங்காலின் சொற்படி

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் சுற்றளவு 14 கிலோமீட்டர். மூன்று முறை வலம் வந்தால் 42 கிலோமீட்டர் ஆகிறது. ஒரு மாரத்தான் தூரம் நிறைவுற அதற்கப்பால் 195 மீட்டர்தான் பாக்கி. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் செருப்பின்றி நடந்து தேய்த்த அந்தப் பாதை, கொரோனா நோயின் நிமித்தம் 2020 மார்ச் மாதத்தில் பௌர்ணமி கிரிவலம் நிறுத்தப்பட்டது முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், நிறைநிலாக் காலத்திலும் ஆளரவமற்றுக் கிடந்தது. அக்காலத்தில், ஊரடங்கு தளர்ந்து வீதியில் இறங்க இடங்கிடைத்த மாதங்களில், பௌர்ணமியல்லாத நாட்களின் விடியற்பொழுதுகளில், துணையுமின்றிக் காலணியுமின்றி நெடுந்தூரம் ஓடிப் பழகியவன் நான். தனியே வெறுங்காலோடு ஓடுகிறவனுக்கு, இன்று எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று விதிக்கும் அதிகாரம் உள்ளங்கால் ஒன்றுக்கே உண்டு என்பதுதான் அந்த அப்பியாசத்தில் நான் கற்றவற்றுள் தலையாயது. மற்ற யோசனைகளெல்லாம் அதிலிருந்து பிறந்தவையே.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது எஞ்சியது மொட்டை மாடி ஒன்றே. நம் வீடுகளில் செருப்பு வாசற்படிக்கு வெளியே நின்றுவிடுகிறபடியால், மாடியில் ஓடுவதற்கென்று காலணி பூட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பல வருஷங்களாகத் தடித்த அடிப்பாகமுள்ள காலணியில் ஓடி வந்தவன் வெறுங்காலுக்கு மாறியதன் காரணம் இவ்வளவே. சிறிய மாடியில் ஒரே திசையாகச் சுற்றினால் ஒரே பக்கத்தில் பாரம் மிகுந்து முழங்காலும் இடுப்பும் நோகும்; ஆகையால் சித்த வைத்தியர்கள் சொல்லும் எட்டு நடையின் மாதிரியில், 8 என்னும் இலக்கத்தின் வடிவிலே ஓடினால், இடவளைவும் வலவளைவும் மாறி மாறி வந்து பாரம் சமனாகிறது. வீட்டைவிட்டு வெளியேற முடியாத எவருக்கும் இந்த உபாயம் இன்றும் பயன்படும்.

காலணியணிந்து ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் காலை முன்னே நீட்டிக் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். தட்டோடு பாவிய தளத்தில் வெறுங்குதிகாலை அப்படி ஊன்றிப் பார்த்தால், அந்த அதிர்ச்சி முதுகெலும்பு வழியாக மண்டைவரை ஏறும். அதனாலேயே, எவரும் கற்பிக்காமல், அடி குறுகிவிடுகிறது. முன்பாதம் முதலில் தரையைத் தொட, குதிகால் பின்னால் மெத்தென்று இறங்குகிறது. பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ, முழங்கால் சற்றே மடங்கிக்கொடுக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேனியல் லீபர்மனும் அவருடைய சகாக்களும், கென்யாவில் பிறந்தது முதல் வெறுங்காலோடு ஓடுகிறவர்களையும் காலணியோடு ஓடுகிறவர்களையும் ஒப்பிட்டு 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி, முன்பாதத்தில் இறங்குகிறவர்களுக்குக் குதிகால் மோதலில் எழும் அந்தத் திடீர் விசை ஏறக்குறைய இல்லாமலே போகிறது என்று காட்டியது. மாடியில் என் கால் தானாகக் கண்டதற்கு அங்கே அளவுகளோடு கூடிய விளக்கம் கிடைத்தது.

இதைக் கொண்டு வெறுங்காலே எவருக்கும் எக்காலத்தும் சிறந்தது என்று வாதிடுவோரோடு நான் உடன்படவில்லை. எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-இல் ரோமாபுரியின் கல் பாவிய வீதிகளில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் ஒலிம்பிக் தங்கம் வென்றது உண்மை. 1964-இல் டோக்கியோவில் அதே வீரர் காலணியணிந்து அதைவிட விரைவாக ஓடி மறுபடியும் வென்றதும் உண்மை. வெறுங்காலின் பிரயோஜனம் வேகத்தில் இல்லை. ஓடுகிறவன் தன் சரீரத்தின் நிலையை அடிக்கடி, உடனுக்குடன் அறிந்துகொள்ளுகிறான். பக்கத்தில் எச்சரிப்பார் ஒருவருமில்லாத தனி ஓட்டத்தில் அந்த அறிவைவிடப் பெரிய துணை கிடையாது.

வெறுங்கால் ஓட்டத்தில் பொறுமையின் அவசியத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் புதிதாகத் தொடங்குவோர் காயப்படுவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். உள்ளங்காலின் தோல் சில வாரங்களில் தடித்துவிடும். கெண்டைக்கால் சதையும், அதைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாணும், ஒரு பாதத்துக்கு 26 வீதமுள்ள சிற்றெலும்புகளும் அவ்வளவு விரைவில் பலம் பெறுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். முதல் நாள் வீட்டருகே சில நிமிஷ ஓட்டம், மறுநாள் ஓய்வு, கெண்டைச் சதையின் வலி முற்றும் அடங்கிய பிறகே அடுத்த ஓட்டம் என்று வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வாரம் மிகச் சிறிதாகவே தூரத்தைக் கூட்ட வேண்டும். பாதத்தின் மேற்புறத்தில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், அது எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு வைத்தியரிடம் காட்டுவதே விவேகம். தொடக்கக் காலத்தில் தோல் எரிச்சலெடுத்து 'போதும்' என்று சொல்லுவது பெரும்பாலும் எலும்பும் நாணும் கேடுறுவதற்கு முன்பாகவே நிகழ்கிறது. அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தவன் பிழைத்தான். இக்காரணம்பற்றியே, மெல்லிய அடிப்பாகமுடைய 'வெறுங்கால் காலணி'களைப் பழக்கத்தின் ஆரம்பத்தில் அணிவதை நான் ஆதரிப்பதில்லை. அவை தோலைக் காத்து அதன் முறையீட்டை அடக்கிவிடுகின்றன. எலும்போ பழைய எலும்புதான். தோல் தடித்தால் உணர்ச்சி மழுங்கிவிடுமே என்று அஞ்சவும் வேண்டாம். லீபர்மன் பங்குகொண்ட மற்றோர் ஆராய்ச்சி, காய்த்துத் தடித்த பாதமும் தரையின் ஸ்பரிசத்தைக் குறைவின்றி உணர்கிறது என்று 2019-இல் நிறுவியிருக்கிறது.

மாடியிலிருந்து வீதிக்கு இறங்கியபோது பாதைதான் எனக்கு ஆசானாயிற்று. கிழக்கு வெளுத்த பிறகே புறப்படுவேன்; தெருவிளக்கின் வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லும் ஈரமும் ஒன்றுபோலவே மின்னுமாதலால் இருட்டில் வெறுங்காலோடு ஓடுவது தகாது. ஆதி அண்ணாமலையில் ஒரு விடியற்காலை, வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் கை வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா, காலுல செருப்புகூட இல்லாம எங்க இப்படி ஓடிக்கினு போற?" என்று கேட்டார். "சும்மா, பழக்கத்துக்குத்தான் ஆயா" என்றேன். "ஓடறது ஓடு, ஓரமா போவாத. நெருஞ்சி கெடக்குது. நடுவால போ, வண்டியா வருது இப்ப?" என்றார். அந்த அம்மையார் சொன்னது எத்தனை நுட்பமான உண்மை என்பதைப் பிறகு ஒவ்வொரு நாளும் கண்டேன். வண்டிச் சக்கரங்களும் காற்றும் மழைநீரும் சேர்ந்து ஜல்லியையும் முள்ளையும் சில்லையும் சாலையின் ஓரத்துக்கே ஒதுக்குகின்றன. மற்றக் காலங்களில் பாதசாரிக்கு விதிக்கப்பட்ட ஓரமே பாதத்துக்கு மிகவும் பொல்லாத இடம். போக்குவரத்து ஓய்ந்திருந்த அந்நாட்களில்தான் நடுச்சாலை ஓடுகிறவனுக்குத் திறந்து கிடந்தது; வண்டிகள் நிறைந்துவிட்ட இக்காலத்தில் அந்த யோசனையைப் பின்பற்றவே கூடாது.

தார்ச்சாலையில் தீட்டியுள்ள வெள்ளைக் கோடு, கரடான தாரைவிட வழுவழுப்பானது. வெயில் ஏறியபின் தாரைவிடச் சூடு குறைந்ததும்கூட. சூரியன் மேலெழுந்த பிறகு இன்னும் சில கிலோமீட்டர் பாக்கியிருக்கும் நாளில், ஒரு சாண் அகலங்கூட இல்லாத அந்தக் கோட்டின்மீது ஓடியே வீடு சேர்ந்திருக்கிறேன். மழை நனைத்த கோடு வழுக்கும். அப்போது அதைவிட்டு விலக வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் வேப்பம்பழம் உதிர்ந்து மிதிபட்டு வழவழத்துக் கிடக்கும். மழைக்கு மறுநாள் பள்ளத்தில் அடித்துவந்த சரளைக்கற்கள் பரவியிருக்கும். மார்கழிப் பனியில் பாதம் சற்றே மரத்துப்போய் முதல் இரண்டு கிலோமீட்டரில் சிறு கீறல் தெரியாமலே போகும். பங்குனியும் சித்திரையும் நெடு ஓட்டத்துக்கு ஏற்றவையல்ல. எட்டு மணிக்கு மேல் சாலையில் நிற்க நேரும் எந்தத் திட்டமும் அம்மாதங்களில் தவறானது. இரண்டு வலம் ஓடும் 28 கிலோமீட்டர் ஓட்டங்களை ஐப்பசி முதல் மாசிவரையிலான காலத்துக்கே நான் ஒதுக்கி வைத்தேன்.

நெருஞ்சிக்காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும்படி அமைந்தது. அதை மிதித்தவுடன் அடுத்த அடி எடுத்துவைக்காமல் நின்றுவிட வேண்டும். இன்னோரடி வைத்தால் முள் ஒடிந்து நுனி உள்ளே தங்கும். நம் பாட்டன்மார் அரைஞாணிலோ சாவிக்கொத்திலோ கோத்து வைத்திருந்த முள்வாங்கியை ஓடுகிறவன் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோவது நன்று. வீடு திரும்பியதும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் அமர்ந்து, உள்ளங்காலை விரல்களின் இடுக்குவரை கட்டைவிரலால் தடவிப் பார்ப்பதை ஓட்டத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முள் நுனி கைக்குத் தட்டுப்படும். தனுர்வாதத் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலோடு ஒரு நாளும் சாலையில் இறங்கலாகாது.

தனியே ஓடுவதன் ஜாக்கிரதைகள் வேறு வகை. வட்டப் பாதைக்குக் குறுக்கு வழி கிடையாது. பாதித் தூரத்தில் கால் பழுதுற்றால் முன்னே 7 கிலோமீட்டர், பின்னேயும் 7 கிலோமீட்டர். ஆட்டோ அகப்படாத அந்நாட்களில் இதை எண்ணியே, புறப்படும் நேரத்தையும் பாதையோரத்து லிங்க சந்நிதிகளில் எதை எப்போது கடப்பேன் என்பதையும் மனைவியிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியையும் மெல்லிய ரப்பர்ச் செருப்பு ஒரு ஜோடியையும் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டே கிளம்புவேன். குறித்த நேரத்துக்கு மேல் அரைமணி கடந்தால் தம்பி இருசக்கர வண்டியில் எதிரே வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் ஈறாக எட்டு சந்நிதிகளும் எனக்கு எல்லைக்கற்களாயின. ஒவ்வொன்றின் எதிரிலும் வேகத்தைத் தணித்து, பாதம், கெண்டை, முழங்கால், மூச்சு என்று வரிசையாக விசாரித்து, நான்கும் இணங்கினாலன்றி அடுத்த லிங்கத்துக்குப் போவதில்லை என்று நியமம் செய்துகொண்டேன். கூட ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே போக முடிகிற வேகமே நெடு ஓட்டத்துக்குச் சரியான வேகம் என்பார்கள். பேசத் துணையில்லாதவன் தனக்குத் தெரிந்த செய்யுளொன்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம், அடியின் நடுவே மூச்சு முட்டினால் வேகம் மிகுதி என்று அறியலாம்.

வெறுங்காலுக்கு ஓசையே இல்லை. இதை முன்கூட்டி எண்ணிப் பார்ப்பவர் குறைவு. காலணியின் 'தப்தப்' ஒலி கேட்டு விலகும் பாதசாரியும், விழித்துக்கொள்ளும் நாயும், வெறுங்காலன் மிக அருகில் வந்தபின்பே திடுக்கிடுகிறார்கள். அன்னதானமும் கடைகளும் நின்றுபோனதால் கிரிவலப் பாதையின் நாய்கள் பசித்திருந்த காலம் அது. தூரத்திலேயே தொண்டையைச் செருமி ஒலியெழுப்பி, நாய்க்கூட்டம் தென்பட்டால் ஓட்டத்தை விட்டு நடந்து, அவற்றின் கண்களை நேரே பாராமல் கடந்துவிடுவேன். எதிரே மனிதர் வந்தால் கையில் வைத்திருந்த முகக்கவசத்தை அணிந்து சாலையின் மறுபக்கம் ஒதுங்குவேன். கடினமாக மூச்சு வாங்கும் பயிற்சியின்போது முகக்கவசம் அணிய வேண்டாமென்றும் இடைவெளியே முக்கியமென்றும் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. கிரிவலத்தை நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல மெல்ல நடக்க வேண்டும் என்பது பெரியோர் வழக்காகையால், வலம் வருகிற சாதுக்களை நெருங்கும்போது நானும் நடந்தே கடந்தேன். என் ஓட்டத்தைக் கிரிவலம் என்று ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை.

ஆஸ்பத்திரிகள் நோயாளிகளால் நிரம்பி வழிந்த காலத்தில், தவிர்த்திருக்கக்கூடிய ஒரு காயத்தோடு வைத்தியரின் வாசலில் நிற்பது அநியாயம் என்றே நான் கருதினேன். ஆகவே எல்லாவற்றிலும் ஒருபடி குறைத்தே செய்தேன். 2021 மே 10 முதல் மாநிலத்தில் முழு ஊரடங்கு வந்தபோது மறுபடியும் மாடிக்கே போய்விட்டேன். காய்ச்சலோ இருமலோ உள்ள நாளில் ஓடவே கூடாது. கொரோனா கண்டு மீண்டவர், அந்நோய் இருதயத் தசையையும் தாக்கக்கூடியது என்பதை நினைவில் வைத்து, வைத்தியரின் சம்மதம் பெற்று, முதலில் நடந்து, படி ஏறி, நெஞ்சுவலியோ படபடப்போ மிகுந்த மூச்சிரைப்போ இல்லை என்று கண்ட பிறகே ஓடத் தலைப்பட வேண்டும்.

இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டும். நான் சொன்ன முறை முழுவதும் உள்ளங்காலின் உணர்ச்சியை நம்பி நிற்பது. நெடுநாள் நீரிழிவினால் அந்த உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள் தைத்ததும் தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. சிறு புண் முற்றிக் காலையே இழக்கும்படி ஆனவர்கள் நம் நாட்டில் ஏராளம். ஆகையால் வெறுங்காலோடு ஓட விரும்புகிறவர்கள், வயது எதுவாயினும், முதலில் ரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் பாதத்தின் உணர்ச்சியையும் வைத்தியரிடம் பரீட்சித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அவர் சொன்னால், தயவுசெய்து நல்ல காலணியணிந்தே ஓடுங்கள்.