பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா?

வல்லம் வடகால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்த நேரத்திலும் பக்கத்து வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குபவருக்குக் காலை எட்டு மணிக்குத்தான் படுக்கை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் தொழிலாளர் விடுதியில் மட்டுமே 18,720 பேர் தங்கலாம். சுற்றிலும் லைன் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இருப்பவர்கள் தனி. ஆசைப்பட்டு ஹை-ஃபை செட் வாங்கிவிட்டு, பகலிலும் தயங்கி இரவிலும் தயங்கிப் பாட்டே போடாமல் வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. சத்தத்தைக் குறைத்தாலும் பாட்டு குறையாமல் கேட்கிற ஸ்பீக்கர்தான் நமக்கு வேண்டியது. அதைத் தேர்ந்தெடுக்கச் சில குறிப்புகள்.

1. கடைக்குப் போகுமுன் அறையின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பீரோ, கட்டில், கதவு, ஜன்னல் எங்கெங்கே என்று போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். 12 அடி நீள அறை 48 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் பேஸை ஊதிப் பெரிதாக்கும். 10 அடி அகலம் 57 ஹெர்ட்ஸ் அளவில் அதே வேலையைச் செய்யும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி அலை மோதித் திரும்புவதால் வருவது இது; எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் வைத்தாலும் வரும். சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் வயிற்றில் இடிக்கும், அறையின் நட்ட நடுவில் அதே பேஸ் காணாமல் போகும். ஆகவே பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குத் தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் வேண்டாம். ஐந்து அல்லது ஆறரை அங்குல ஊபர் (பேஸ் தரும் கூம்பு) உள்ள ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி தாராளமாகப் போதும்.

2. அறை நடுவில் நின்று ஓங்கி ஒரு கை தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று ஒரு கூர்மையான எதிரொலி வந்தால் முதலில் செலவு செய்ய வேண்டியது அறைக்கு. டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம், சிமென்ட் பூச்சுச் சுவர் மூன்றும் ஒலியை விழுங்காமல் திருப்பி அடிப்பவை. உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கனமான பவானி ஜமக்காளம் ஒன்று, ஜன்னலுக்குக் கெட்டித் துணித் திரை, முதுகுப் பக்கச் சுவரில் புத்தக அலமாரி. இவை வந்த பிறகு பழைய ஸ்பீக்கரையே மறுபடி கேட்டுப் பாருங்கள். புதிதே வேண்டாம் என்று சிலருக்குத் தோன்றினாலும் தோன்றும்.

3. பெட்டி சிறியதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். 1970களில் லண்டன் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஸ்பீக்கரின் உயரம் ஓர் அடிதான், அகலம் ஏழரை அங்குலம். வேனுக்குள் ஓர் ஆள் உட்காரும் இடத்தில், பேசுபவர் குரல் இயல்பாகக் கேட்கிறதா என்று சரிபார்க்கச் செய்தது அது. அரை நூற்றாண்டு கடந்தும் அதே வடிவத்தை இன்னும் சில கம்பெனிகள் தயாரித்து விற்கின்றன. சின்ன அறை, கிட்டத்தில் உட்கார்ந்து கேட்பவர், மனிதக் குரலுக்கு முதலிடம் என்பதெல்லாம் நம் வீட்டு நிலவரமும்தான்.

4. வாட்ஸ் கணக்கில் மயங்க வேண்டாம். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள், தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். என்ன என்று கேளுங்கள். அதைவிட முக்கியம் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதே அது. 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு வேண்டிய வாட்டில் பாதி போதும் 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு. வீட்டில் நிதானமாகக் கேட்கும்போது பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் திருகி, சத்தம் கரகரவென்று உடையும்வரை ஓட்டினால் முதலில் போவது, மேல் ஸ்வரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்தான்.

5. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். அதற்குக் குறைந்த ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

6. பாட்டை நீங்களே கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகவே கேட்கும். அதற்கென்றே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். வருடக்கணக்காகக் கேட்டு மூச்சு விடும் இடம் வரை மனப்பாடமான பாட்டுகளாக ஏழெட்டை, சுருக்கப்படாத ஃபைலாகவோ சி.டி.யாகவோ எடுத்துப் போங்கள். அவற்றில் இவை இருக்கட்டும்.

தனி மிருதங்கம். வலது முகமான வலந்தலையின் ‘நம்’ என்ற அடி கூர்மையாக, தனியாகத் தெறிக்க வேண்டும். இடது முகமான தொப்பியில் கையை அழுத்தி நகர்த்திக் கும்கி கொடுக்கும்போது நாதம் வளைந்து மேலேறி அடங்கும். அந்த வளைவு காதில் விழுகிறதா என்று பாருங்கள். எல்லா அடியும் ஒரே மாதிரி ‘தும், தும்’ என்று முடிந்தால் அது மிருதங்கத்தின் பேஸ் அல்ல, பெட்டியின் பேஸ்.

தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கம். நாலு தந்தியும் கலந்த ரீங்காரத்தில் மேல் ஸ்வரங்கள் மினுங்கிக்கொண்டே இருக்கும். மங்கலான ட்வீட்டரில் அந்த மினுக்கம் வராது.

நாகஸ்வரம். மற்ற எதிலும் ஒளிந்துகொள்ளும் குறை இதில் வெளியே வந்துவிடும். பத்து நிமிஷம் கேட்டும் காது கூசவில்லை என்றால் நல்ல ஸ்பீக்கர்.

நிறைய வயலின்கள் சேர்ந்து வாசிப்பது ஒன்று வேண்டுமென்றால் இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு ஆல்பமான ‘ஹவ் டு நேம் இட்’ எடுத்துக்கொள்ளுங்கள். வி.எஸ். நரசிம்மனின் தனி வயலின் கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்க வேண்டும்.

பழைய மோனோ பாட்டு ஒன்றும் கட்டாயம். தமிழ்த் திரைப்பாடல் முதலில் ஸ்டீரியோவில் பதிவானது 1978இல் ‘ப்ரியா’ படத்தில். அதற்கு முந்தைய பாட்டைப் போட்டால் இரண்டு பாக்ஸுக்கும் நட்ட நடுவில், அங்கே யாரோ நின்று பாடுவதுபோல் குரல் குவிய வேண்டும். இடமும் வலமும் அலைந்தால் ஜோடியில் ஒன்று சரியில்லை, அல்லது வைத்த விதம் சரியில்லை.

7. முதலில் ஒரே ஒரு பாக்ஸை மட்டும் போடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் வரும் விரிவில் மயங்கிக் குறைகள் காதில் படாமல் போகும். ஒற்றைப் பாக்ஸில் குரல் மூக்கடைத்ததுபோல் இருந்தால் ஜோடியிலும் அப்படித்தான்.

8. இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘தெளிவு அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளும். போனில் ஒலி அளக்கும் ஆப் ஒன்று போட்டு, உட்காரும் நாற்காலியிலேயே போனை வைத்து, பிங்க் நாய்ஸ் என்னும் சோதனை இரைச்சலை ஓடவிட்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எதுவும் ஆன் ஆகியிருக்கக் கூடாது. எந்தக் கடைக்காரரும் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

9. இனி முக்கியமானது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேசினால் கேட்கிற அளவுக்கு, அதற்கும் கீழே. சத்தம் குறையும்போது மனிதக் காது பேஸைத்தான் முதலில் இழக்கிறது. 1933இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். எந்த ஸ்பீக்கரிலும் இந்த இழப்பு இருக்கும். ஆனால் சிலவற்றில் குரல் மட்டுமாவது உயிரோடு நிற்கும். சிலவற்றில் எல்லாமே சுருங்கிப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோபோல் ஆகிவிடும். வாத்தியங்கள் பிரிந்து கேட்கின்றனவா, பாட்டின் சொற்கள் விளங்குகின்றனவா என்று கவனியுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். டெமோ அறை ஏ.சி. போட்டு நிசப்தமாக இருக்கும். நம் வீட்டில் தலைக்கு மேல் மின்விசிறி ஓடும், ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கன்டெய்னர் லாரி போகும். முடிந்தால் கடையிலும் ஒரு ஃபேனைப் போடச் சொல்லி, அந்த இரைச்சலுக்கு மேல் மெல்லிய சத்தத்தில் குரல் தெளிகிறதா என்று பாருங்கள். எங்கள் பகுதிக்காரர்களுக்கு இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. உரக்க வைத்தால் அசத்துகிற ஸ்பீக்கர் ஏராளம்.

10. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 1994இல் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்தபோது போட்ட மதிப்பெண் வேறாக இருந்தது. கேட்டவர்கள் அந்த நிறுவன ஊழியர்கள்தான். உடன் வரும் நண்பரை மாற்றிப் போடச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமலே குறிப்பெடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். நைட் ஷிப்ட் முடித்த கையோடு மட்டும் சென்னை ரிச்சி தெருவுக்கோ மவுண்ட் ரோடுக்கோ கிளம்பாதீர்கள். தூக்கம் கெட்ட காதுக்கு எல்லாமே கூச்சலாகத்தான் இருக்கும்.

11. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் கேட்டுப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். தரும் கடைக்குக் கொஞ்சம் விலை கூடக் கொடுத்தாலும் தகும்.

வீட்டில் ஸ்பீக்கரை வைக்கும்போது டைல்ஸ் கோடே அளவுகோல். பெரும்பாலான புது வீடுகளில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ்தான். 10 அடிச் சுவர்ப் பக்கமாக, பாக்ஸின் முன்முகம் முதல் கோட்டில் நிற்கட்டும். பின்னால் ஓர் அடி இடைவெளி தானே கிடைக்கும். இரண்டு பாக்ஸுக்கும் நடுவே மூன்று டைல்ஸ், அதாவது 6 அடி. பக்கச் சுவர்களிலிருந்து இரண்டு அடி. நாற்காலியை இரண்டு பாக்ஸிலிருந்தும் அதே 6 அடியில் போட்டால் சமபக்க முக்கோணம் வந்துவிடும்; பின்சுவரிலிருந்தும் விலகியிருப்பீர்கள். ட்வீட்டர் உட்கார்ந்த காது உயரத்தில் இருக்க வேண்டும். அதன் பிறகு ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக முன்னே பின்னே நகர்த்திக் கேளுங்கள். பேஸ் திணறினால் சுவரிலிருந்து முன்னால் இழுங்கள், மெலிந்தால் பின்னால் தள்ளுங்கள். பின்பக்கம் துளை உள்ள பாக்ஸுக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் முன்பக்கத் துளையோ, துளையே இல்லாத மூடிய பெட்டியோ பார்த்து வாங்கலாம்.

12. பேஸ் கிட்டார் இறங்கும் பாட்டில் ‘ஜிர்ர்’ என்று வந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் ஸ்டீல் பீரோக் கதவில் கையை வைத்துப் பாருங்கள். ஜன்னல் கொக்கி, சுவர்க் கடிகாரம், பூஜை அலமாரிக் கண்ணாடியும் அதிரும். ரப்பர் துண்டு செருகினால் தீர்ந்தது. பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரில் ஸ்பீக்கரை ஆணியடித்து மாட்ட வேண்டாம். தனி ஸ்டாண்டில், அடியில் ரப்பர் வைத்து நிறுத்துங்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. தூங்கும் தொழிலாளிக்குப் பகலிலும் அதே மரியாதையைக் கொடுப்போம்.

13. ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். நல்ல செம்பு வயர், இரண்டரை ஸ்கொயர் எம்.எம். போதும். இரண்டு பாக்ஸிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றில் மாறிப்போனால் பேஸ் கரைந்து, குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.

14. நம் புழுக்கத்தில் ஊபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் சில வருடங்களில் பொடிந்துவிடும். ரப்பர் வளையம் உள்ளதாக வாங்குங்கள். எம்.டி.எஃப். பலகைப் பெட்டியைத் தரையில் வைத்தால் வீடு துடைக்கும் ஈரத்தில் அடிப்பாகம் உப்பிவிடும். பாக்ஸின் துளையில் பல்லியும் எறும்பும் குடியேறாமல், செட் ஓடாத நேரத்தில் ஒரு பஞ்சு உருண்டை வைத்து மூடுங்கள். கோடை இடியின்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

15. பழைய ஸ்பீக்கர் வாங்குவதில் தப்பே இல்லை. குறைந்த பட்ஜெட்டில் அதுதான் புத்திசாலித்தனம் என்பேன். கூம்பின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். உரசும் ஓசை வந்தால் வாய்ஸ் காயில் தேய்கிறது, விட்டுவிடுங்கள். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6க்கு அருகில் காட்டும். ட்வீட்டரின் நிலையை மீட்டர் சொல்லாது. சத்தத்தைக் குறைத்து, காதைக் கிட்டத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டால், பிளஸ் சிவப்பில் இருக்கையில் கூம்பு வெளியே வர வேண்டும்.

16. பில்லில் இரண்டு பாக்ஸின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். வாடகை வீடு மாறும் குடும்பங்கள் அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் பத்திரமாக வையுங்கள். லாரியில் ஏறும் ஸ்பீக்கருக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.