படகு ‘சீஸ்’ ஆனதா, ‘கான்ஃபிஸ்கேட்’ ஆனதா?

2023 அக்டோபரில் தருவைகுளம் என்னும் மீனவ ஊரின் விசைப்படகு ஒன்றை, அதிலிருந்த 12 மீனவர்களோடு மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்துச் சென்றது. 2024 ஆகஸ்டில் இதே ஊரிலிருந்து கடலுக்குப் போன 22 பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. இப்படிச் செய்தி வந்த அன்றே மனு எழுதும் வேலை தொடங்கிவிடும். ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் தமிழ் போதும். டெல்லிக்கும், கொழும்பு, மாலேயில் உள்ள தூதரகங்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும். எழுதுவது பெரும்பாலும் கல்லூரி முடித்த ஒரு பிள்ளை. கைப்பேசி அகராதியில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஐந்து ஆங்கிலச் சொற்கள் வரும். எதை எடுப்பது? மீனவர் மனுக்களைத் திருத்திக் கொடுத்த பழக்கத்தில் நான் கண்டவை இவை.

முதலில் படகு. மனுக்களில் ‘கான்ஃபிஸ்கேட்’ என்ற சொல் தாராளமாக வருகிறது. ஒரு பொருளைப் பிடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டால் அது ‘சீஸ்’. அதன் உரிமையே அரசுக்குப் போய்விட்டால்தான் ‘கான்ஃபிஸ்கேட்’. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது சொல்லை எழுதினால், படகு கைவிட்டுப் போனதாக உரிமையாளரே ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். தீர்ப்பு வரும்வரை ‘சீஸ்’ என்றே எழுத வேண்டும். ‘அரெஸ்ட்’ ஆட்களுக்கு மட்டும் உரிய சொல் என்று நினைப்பதும் சரியல்ல. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு படகுக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறது. நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுவது நல்லது.

படகின் வகையைச் சொல்லும் சொல் இதைவிட முக்கியம். விசைப்படகு என்றாலே ஆங்கிலத்தில் ‘டிராலர்’ என்று எழுதும் வழக்கம் செய்தித்தாள்களிலேயே இருக்கிறது. டிராலர் என்பது இழுவை மடி போடும் படகு. தருவைகுளத்தார் செவுள் வலையோடு, பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறவர்கள். கடலடியில் இழுவை மடி இழுப்பதை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அந்த நாட்டு அதிகாரியின் மேசைக்குப் போகும் தாளில், செய்யாத குற்றத்தை நம் கையாலேயே ஏன் எழுத வேண்டும்? ‘கில்நெட்டர்’ என்று எழுதலாம். ‘மெக்கனைஸ்டு கில்நெட் போட்’ என்றால் இன்னும் தெளிவு.

எல்லை தாண்டியதைச் சொல்லவும் பல சொற்கள். இன்ஜின் நின்று நீரோட்டம் இழுத்துப் போனால் ‘டிரிஃப்ட்’. இன்ஜின் ஓடியும் திசை தவறினால் ‘ஸ்ட்ரே’. ‘கிராஸ்’ என்பது தாண்டியதை மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. ‘போச்சிங்’ என்றால் திருட்டு மீன்பிடிப்பு. இலங்கைக் கடற்படை தன் அறிக்கைகளில் எழுதும் சொல் அதுதான். நடந்தது எதுவோ அதற்குரிய சொல்லையே எடுக்க வேண்டும். திசை தவறிப் போனவரை ‘டிரிஃப்ட்’ என்று எழுதிவிட்டு, ஜி.பி.எஸ். கருவியில் வேறு கதை இருந்தால் மனு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

‘ரிலீஸ்’ மட்டும் கேட்டாலும் போதாது. நீதிமன்றம் விடுவித்த பிறகும் மீனவர்கள் ஊர் திரும்பும் ஏற்பாட்டுக்காக முகாமில் காத்திருக்க வேண்டி வரும். சொந்த நாட்டுக்கு அனுப்பி வைப்பது ‘ரீபேட்ரியேஷன்’. இரண்டையும் கேட்க வேண்டும், படகைத் தனி வரியில் கேட்க வேண்டும். மாலத்தீவு ஆட்களை விட்டபோதும் படகுக்குப் பெருந்தொகை அபராதம் போட்டதை ஊர் மறந்திருக்காது.

மரியாதை விஷயத்துக்கு வந்தால், அதிகாரிக்கு ‘ரிக்வெஸ்ட்’, அமைச்சருக்குச் சங்கம் எழுதும் கடிதத்தில் ‘அர்ஜ்’, போராட்டப் பதாகையில் ‘டிமாண்ட்’. ‘பெக்’ வேண்டாம். பிழைப்புக்காகக் கடலுக்குப் போனவர்கள் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை.

கடலுக்குள் வி.எச்.எஃப். ரேடியோவின் பதினாறாம் சேனலில் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் ‘மேடே’. இன்ஜின் நின்று உதவி தேவை, ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் ‘பேன் பேன்’.

மனு எழுத உட்காரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அகராதியைத் திறக்கும் முன் படகுக்காரரிடம் கேளுங்கள்: என்ன வலை, இன்ஜின் ஓடியதா, படகு இப்போது யார் கையில், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பதிலை முதலில் தமிழில் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.