மை ஊட்டிய ஏடு

நுழையும்முன்

எழுதுகருவியில் எழுதுபொருள் தீர்ந்தால் அதனை நிரப்பிக்கொள்கிறோம். எழுதி முடித்த எழுத்தையே மீண்டும் மீண்டும் நிரப்பவேண்டியிருந்த காலமும் ஒன்று இருந்தது. பொருநை பாயும் நெல்லை நிலத்துச் சுவடிகளின் வழியே அக்கால எழுத்துத்தொழிலை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

சீவத் தேவையற்ற பென்சில் ஒன்று இன்று மாணவர் பலர் கையில் உள்ளது. கடைகளில் ‘லெட் பென்சில்’ என்று கேட்டு வாங்குகிறோம். அதன் தலையை அழுத்தினால் நுனியில் கரிக்குச்சி சிறிதளவு வெளிவருகிறது. கருவிக்குள் மூன்று தாடைகள் கொண்ட சிறிய பிடி ஒன்றும், அதனை இறுக்கும் வளையம் ஒன்றும் உள்ளன. தலையை அழுத்தும்போது பிடி குச்சியைக் கவ்வியவாறே முன்னே நகர்கிறது. வளையத்தைக் கடந்ததும் தாடைகள் விரிந்து குச்சியை விடுகின்றன. விரலை எடுத்ததும் சுருள்வில் பிடியைப் பின்னே இழுத்துக்கொள்கிறது. நுனியிலுள்ள சிறு இரப்பர்த் துண்டு பற்றியிருப்பதால் குச்சி மட்டும் வெளிவந்த இடத்திலேயே நிற்கிறது.

இதனை நிரப்புவது எளிது. தலைமூடியையும் அதன்கீழ் உள்ள அழிப்பானையும் கழற்றி, உள்ளிருக்கும் குழலில் இரண்டு மூன்று குச்சிகளை இட்டால் போதும். நெடுநாள் வரட்டும் என்று டப்பியையே கவிழ்ப்பவரும் உண்டு. அவ்வாறு செய்தால் குச்சிகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடியின் வாயில் சிக்கி நொறுங்கும். அளவும் பொருந்தவேண்டும். 0.7 மி.மீ. குச்சி 0.5 மி.மீ. கருவிக்குள் நுழையாது, 0.5 மி.மீ. குச்சியோ 0.7 மி.மீ. கருவியில் நில்லாமல் வழுக்கும். குச்சியின் கடைசித் துண்டு பிடிக்கு எட்டாமற்போகும். பின்னால் வரும் புதிய குச்சி அதனைத் தள்ளிக்கொண்டு வரும்.

‘லெட்’ என்னும் ஆங்கிலச் சொல் காரீயத்தைக் குறிப்பது. ஆயினும் பென்சிலில் காரீயம் இல்லை; இருப்பது கிராஃபைட். அது கரியின் ஒரு வடிவமே என்பதை 1779இல் சீலே என்னும் வேதியியலறிஞர் காட்டினார். எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டவர் வெர்னர், ஆண்டு 1789. குச்சியை உள்ளிருந்து தள்ளும் கருவிக்கு 1822இல் இங்கிலாந்தில் ஹாக்கின்ஸ், மோர்டன் இருவரும் காப்புரிமை பெற்றனர். நம் மாநிலத்தில் சிவகங்கைப் பகுதியில் கிராஃபைட் வெட்டியெடுக்கப்படுகிறது.

இப்பென்சிலில் கருமை கருவிக்குள்ளேயே இருக்கிறது; எழுத எழுத அது தாளுக்கு இடம் மாறுகிறது. நம் முன்னோர் கையாண்ட எழுத்தாணியில் கருமை சிறிதும் இல்லை. அது ஓர் இரும்புக் கூர். பனையோலையின் மேற்பரப்பைக் கீறிச் செல்வதே அதன் பணி. எழுத்து என்பது அங்கே ஒரு பள்ளம், நிறமற்ற பள்ளம்.

எழுத்தாணியில் வகைகள் இருந்தன. குண்டெழுத்தாணி குட்டையானது, தலை கனத்து, கூர் சற்று மழுங்கியிருக்கும். எழுதப் பழகுவோர் கைக்கு அதுவே ஏற்றது. வாரெழுத்தாணி அதனினும் நீண்டது. ஓலையை வாரவும் நறுக்கவும் உதவும் கத்தி அதன் மேல்முனையில் அமைந்திருக்கும். மடக்கெழுத்தாணியில் ஒருபுறம் கூரும் மறுபுறம் கத்தியும் இருக்க, இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். நுனியை உள்ளே ஒளித்துவைக்கும் இன்றைய பென்சிலுக்கு அதனை ஒரு மூத்த உறவு எனலாம். ஆனால், அதனுள் நிரப்புவதற்கு எதுவும் இல்லை.

நிரப்பும் வேலை ஏட்டில் இருந்தது. எழுதி முடித்த ஓலையின்மேல் மை தடவுவர். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்தும், மாவிலைக்கரி, தருப்பைக்கரி ஆகியவற்றை ஊமத்தை, கோவை போன்றவற்றின் இலைச்சாற்றில் கூட்டியும் மை செய்தனர். மஞ்சளும் வசம்பும் உடன் சேரும். தடவியபின் துணியால் துடைத்தால் வழவழப்பான மேற்பரப்பிலிருந்து மை நீங்கிவிடும். கீறலுக்குள் புகுந்தது மட்டும் தங்கும். அதுவரை ஒளியில் சாய்த்துப் பார்த்தால் மட்டுமே தெரிந்த வரிகள் அப்போது கறுத்து எழும். எண்ணெய் ஓலையை ஒடியாமல் காத்தது. வசம்பின் காரமும் மஞ்சளும் பூச்சிகளை அண்டவிடாமல் தடுத்தன. ஒரே பூச்சில் கண்ணுக்கு எழுத்தும் ஏட்டுக்கு மருந்தும் கிடைத்தன. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது மை தடவிய ஏட்டைக் கையில் கொடுத்துத் தொடங்கும் சடங்கிற்கு மையாடல் என்று பெயர்.

இந்த மை நிலைத்து நிற்பதன்று. கை பட்டும் காலம் பட்டும் உதிரும். உதிர்ந்தால் மறுபடியும் பூசவேண்டும். பூசுவதற்கு ஆளில்லாத வீட்டில் ஏடு முதலில் மங்கும், பிறகு வறளும், பிறகு இராமபாணப் பூச்சிக்கு இரையாகும். ஒரு நூல் வாழ்ந்ததும் மாண்டதும், பெரும்பாலும், யாரோ ஒருவர் ஆண்டுதோறும் இவ்வேலையைச் செய்தாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது. பெரும்புலவர்களை நினைக்கும் நாம் அந்த ‘யாரோ ஒருவரை’ நினைப்பதில்லை.

தெரியுமா?
ஏடு கிழியும் என்பதால் மெய்யெழுத்தின்மேல் புள்ளி இடாமலே ஓலையில் எழுதினர். எனவே, சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் திறன் இல்லாதவரால் சுவடியைப் படிக்க இயலாது.

பத்துப்பாட்டை அச்சிடுவதற்காக உ.வே.சாமிநாதர் (1855–1942) நெல்லைச் சீமையில் ஊர் ஊராக ஏடு தேடினார். திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எனப் பல ஊர்களில் கவிராயர்களின் வீடுகளை நாடினார். பொருநையின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரிக்கும் சென்றார். வீட்டுச் சுவடிகளுள் தேடியது கிட்டாமல் மனம் சோர்ந்திருந்த இரவில், வீதியில் பெருமாள் திருவுலா வந்தது. அப்போது அவ்வூர்க் கவிராயர் ஒருவர் தம் உறவினர் வீட்டிலிருந்து பெற்ற சுவடி ஒன்றை அவரிடம் கொடுத்தார். பொழுது விடியும்வரை பொறுக்க அவர் மனம் இடம் தரவில்லை. நிலவொளியில் ஏட்டைப் பிரித்தார். முல்லைப்பாட்டு என்னும் பெயர் கண்ணில் பட்டது. ‘நிலவில் மலர்ந்த முல்லை’ என்னும் கட்டுரையில் இதனை அவரே எழுதியுள்ளார். பத்துப்பாட்டு 1889இல் அவர் பதிப்பாக வெளிவந்தது.

நிலவு வெளிச்சத்தில் ஒரு பெயரைப் படிக்க முடிந்தது என்பதை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். வெறுங்கீறலை நிலவில் படிப்பது அரிது. அந்த ஏட்டின் பள்ளங்களில் மை இருந்திருக்கவேண்டும். அதை ஊட்டிய கை எவருடையதென எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

அதே சீமையைச் சேர்ந்த கரிவலம்வந்தநல்லூரில் அவருக்குக் கிடைத்த அனுபவம் வேறு. பாண்டிய மன்னர் மரபினர் தொகுத்துவைத்த ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேட்டு அங்கே சென்றார். பழைய ஏடுகளைச் சாத்திரப்படி நெருப்பில் இட்டுவிட்டதாக விடை வந்தது. பிற இடங்களில் ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் விட்ட ஏடுகளும் உண்டு. எரித்தவரும் விட்டவரும் தீய எண்ணத்தால் செய்தவரல்லர். படிக்க முடியாமற்போன ஏட்டுக்கு மதிப்பான முடிவு தருவதாகவே நம்பினர். எழுத்து மங்கி, படிப்பாரும் அற்றபின் ஏடு வெறும் ஓலையாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

பென்சிலில் நாம் குச்சி இடுவது இனி எழுதப்போவதற்காக. ஏட்டில் அவர்கள் மை இட்டது முன்னரே எழுதப்பட்டதற்காக. பெரும்பாலும் தாம் எழுதாத ஒன்றிற்காக. அவ்வேலை இன்றும் முடியவில்லை. சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்திலும் ஏடுகளைத் தூய்மை செய்து, புல்தைலம் தடவி, மங்கிய வரிகளுக்குக் கரி பூசித் துடைக்கின்றனர். ஓர் ஏட்டின் இருபுறமும் முடிந்தபின் அடுத்த ஏட்டை எடுக்கின்றனர்.