காரின் கண்ணாடி மங்குவது ஏன்?

மாணவர்களே! டிசம்பர் விடியலில் உதகையிலிருந்து இறங்கும் காரில் நால்வர் அமர்ந்து சன்னல்களை மூடுகின்றனர். சிறிது நேரத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் மங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் இது பேராபத்து! காரணம் யாது?

20° செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10° செல்சியஸில் சுமார் 9 கிராமே. எனவே மூச்சுக்காற்றால் பெருகிய நீராவியில் மிகுதியானது குளிர்ந்த கண்ணாடியில் துளிகளாகப் படிகிறது. படிதல் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை.

துடைத்தாலும் மீண்டும் மங்கும். நீராவி உள்ளேயே இருக்கிறதல்லவா? சன்னலைச் சற்றுத் திறந்தால் நீராவி வெளியேறிப் பனிநிலை தாழும். கண்ணாடிமீது வெப்பக் காற்றைச் செலுத்தினால் அதன் வெப்பநிலை பனிநிலைக்கு மேல் உயரும். குளிர்சாதனமோ தன் குளிர்ந்த குழாய்களில் நீராவியைப் படியவைத்து, உலர்ந்த காற்றைத் தரும். மலைப்பயணத்தில் ஓட்டுநருக்கு இதை நினைவூட்டுங்கள்.